என் வாயில் மிஞ்சிய ‘சரி’

தம்பி, லாரிக்குச் சொல்லிவிட்டாய் என்று உன் மாமா வந்து சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் ஓசூருக்கு வரவில்லை. என் கடிதங்களை முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிடுவது உன் வழக்கம் என்று உன் மனைவியே சொல்லியிருக்கிறாள், அதனால் முக்கியமானதை மேலேயே எழுதிவிட்டேன். மிச்சத்தை நேரம் கிடைக்கும்போது படி. அவளும் படிக்கட்டும், மாமாவும் படிக்கட்டும். மறைத்து வைக்கும்படி இதில் ஒன்றும் இல்லை. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். எழுத்துதான் கோணல்.

“அப்பாவைக் கேட்டுத்தான் ஏற்பாடு செஞ்சேன், சரின்னு அவரே சொன்னாரு” என்று மாமாவிடம் சொன்னாயாம். உண்மைதான், சொன்னேன். பக்கத்து வீட்டில் போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு போய் ரிசீவரைக் காதில் வைத்தேன். “அப்பா, நல்லா இருக்கீங்களா?” என்றாய். சரி என்றேன். “அங்க ரெண்டு பேரும் தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீங்க? ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி வந்துருங்க. வீட்டைப் பூட்டிச் சாவிய மாமாகிட்டக் குடுத்துருவோம். சரியாப்பா?” என்றாய். சரி என்றேன். “அப்ப வச்சுரவா?” என்றாய். அதற்கும் சரி என்றேன். மூன்று சரிகளும் ஒரே மாதிரிதான் விழுந்திருக்கும். முதல் சரி என் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவது சரி போனை வைக்கச் சொல்லவில்லை. நடுவில் இருந்த ஒன்றை மட்டும் எப்படிச் சம்மதம் என்று பொறுக்கி எடுத்தாய்?

நேரில் இப்போது நான் நன்றாகவே பேசுகிறேன். மெதுவாகப் பேசுவேன், ஆனால் நினைத்ததைச் சொல்லிவிடுவேன். போனில் முகம் தெரிவதில்லை. எதிரே இருப்பவன் அவசரப்படுகிறான். அந்த அவசரத்தில் மற்ற சொற்களெல்லாம் பின்தங்க, பழைய ‘சரி’ முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அது வாய்க்கு எப்படி வந்தது, ஏன் அது மட்டும் மிஞ்சியது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லப்போகிறேன்.

நீ பாலிடெக்னிக் முடித்து ஓசூருக்குப் போன மறு வருஷம் அது. ராஜபாளையத்துக் கடையில் உட்கார்ந்து, கூமாப்பட்டிக்காரர் ஒருவர் கொண்டுவந்த கிணற்று மோட்டாருக்குக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். காலை நேரம். வலது கையில் இருந்த செம்புக் கம்பி தானாகக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், அதன் மேலேயே நானும் விழுந்தேன். வலி கொஞ்சம்கூட இல்லை. நம் கடையில் வேலை பார்த்த சேவியர் ஓடிவந்தான். கரண்டு வேலை செய்கிற கடையில் ஒருவன் கம்பி மேல் கை பட விழுந்து கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? “அண்ணாச்சிக்கு ஷாக் அடிச்சிருச்சு! தொடாதீங்க, யாரும் தொடாதீங்க!” என்று கத்தினான். அடுத்த கடை இரும்புச் சாமான் வியாபாரி பதற்றத்தில் வீட்டுப் பேச்சுக்கே போய்விட்டார். “ஒரேய், மெயின் ஆப் செய்யிரா!” என்று தெலுங்கில் சத்தம் போட்டார். அந்த வரிசையில் அத்தனை கடைக்கும் கரண்டை நிறுத்தினார்கள். என்னைக் கம்பியிலிருந்து விடுவிக்க விளக்குமாற்றுக் கட்டையால் கையில் அடித்தார்கள். அந்தக் கம்பி எந்தக் கரண்டிலும் மாட்டப்படாத புதுக் கம்பி. அதை நான் சொல்லப் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது, “சரி.”

“சரியாயிட்டாவ!” என்றான் சேவியர். எல்லோருக்கும் சந்தோஷம். ஷாக் அடித்தவனுக்குச் செய்வதையெல்லாம் எனக்குச் செய்தார்கள். உள்ளங்காலைத் தேய்த்தார்கள். சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றினார்கள். அதில் பாதி நெஞ்சுக்குள் இறங்கி, பின்னால் சளிக் காய்ச்சலாக வந்து என்னைக் கொல்லப் பார்த்தது. செத்த நேரம் படுத்திருந்தால் தெளிந்துவிடும் என்று கடைக்குள்ளேயே சாக்கை விரித்துக் கிடத்தினார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதை மதியத்துக்கு மேல்தான் ஒருவர் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை.

அந்த மனிதர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ அப்போது அவர்கள் மேல்தான் கோபப்பட்டாய், சேவியரை முட்டாள் என்றாய். அவன் தனக்குத் தெரிந்த ஆபத்தை நினைத்தான். அவனுக்குத் தெரியாத ஆபத்து எனக்கு வந்தது. மதுரை டாக்டர் என் தலையை எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இடப்பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டைக் காட்டினார். உன் அம்மாவிடம்தான் பேசினார், நான் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு காட்டப் போகும்போதெல்லாம் என்னிடமே பேசினார். அவர் சொன்னது போதாமல், உடம்பு தேறிய பிறகு நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். மோட்டாரையும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பிரித்துப் பார்த்துத்தான் படித்தேன். என்னையே பிரித்துப் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

நடந்தது இதுதான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற ஒரு குழாயை ரத்தக் கட்டி அடைத்துவிட்டது. மூளைக்குச் சேமிப்புத் தொட்டி கிடையாது. கையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் மரத்துப் போகும், அவிழ்த்தால் சற்று நேரத்தில் உயிர் வந்துவிடும். மூளைச் செல்லுக்கு அந்தப் பொறுமை இல்லை. ரத்தம் அடியோடு நின்ற நடுப்பகுதி சில நிமிஷங்களில் செத்துவிடும். சேவியர் மெயினை அணைத்துவிட்டுத் திரும்பும் முன்னாலேயே எனக்கு அந்தப் பகுதி போயிருக்கும். ஆனால் அதைச் சுற்றிலும் ஒரு வட்டம் இருக்கிறது. பக்கத்துச் சந்துகளில் ஓடும் சின்னக் குழாய்கள் வழியாகக் கொஞ்சம் கசிவு ரத்தம் அதற்குக் கிடைக்கும். உயிரைப் பிடித்துக்கொள்ள அது போதும், வேலை செய்யப் போதாது. அந்தச் செல்கள் வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் வைத்துக்கொண்டு கிடக்கும். வெளியே இருந்து பார்த்தால் அவையும் செத்தது போலத்தான் இருக்கும். கை அசையாது, வாய் பேசாது.

உனக்குத் தெரிந்த மாதிரியே சொல்கிறேன். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போய்விட்டால் மோட்டார் என்ன செய்யும்? சுற்றாது, உறுமும். உறுமிக்கொண்டே சூடாகும். அந்த நேரத்தில் போன பேஸ் திரும்பினால் மோட்டார் பிழைக்கும், இல்லாவிட்டால் காயில் கருகும். கருகிய காயிலுக்கு நான் வேறு காயில் கட்டிக் கொடுப்பேன். மூளையில் கருகியதை யாராலும் கட்ட முடியாது. உறுமிக்கொண்டிருக்கிற வட்டத்தைக் காப்பாற்றத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்கு மணிக்கணக்கில்தான் நேரம் உண்டு, நாள்கணக்கில் இல்லை.

அந்த வட்டம் பட்டினியால் மட்டும் சாவதில்லை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஒரு மூளைச் செல் அடுத்த செல்லோடு பேசுவதற்கு ஒரு ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விடுமாம். சாகிற செல் தன்னிடம் இருந்த அவ்வளவையும் ஒரே தடவையில் கொட்டிவிடுகிறது. பக்கத்துச் செல்கள் அந்த வெள்ளத்தில் நிறுத்தாமல் கூச்சல் போட்டு, இருக்கிற கொஞ்ச சக்தியையும் செலவழிக்கின்றன. பிறகு சுண்ணாம்புச் சத்து உள்ளே புகுந்து அவற்றை அரித்துவிடுகிறது. பேசுவதற்காக வைத்திருந்த சரக்கே கொல்கிறது. ஆலங்குளத்துக் குவாரிப் பம்புகளுக்கு வேலை பார்த்து எத்தனையோ வருஷம் சுண்ணாம்புத் தூசி தின்றவன் நான். அந்தத் தூசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரிந்தும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பிறகு வீக்கம் வரும். வீங்குகிற மூளைக்கு மண்டை ஓடு இடம் விடாது. கடைசியில் செத்ததையெல்லாம் உடம்பே கூட்டிப் பெருக்கி அள்ளிவிடும். அந்த இடம் நீர் தேங்கிய பள்ளமாகிவிடும். என் படத்தில் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது அந்த இடம்தான். பேச்சை உருவாக்கும் பகுதிக்குப் பக்கத்தில் அது விழுந்திருந்தது. புரிந்துகொள்ளும் பகுதியை அது தொடவில்லை. இந்த வாக்கியத்தை நீ இரண்டு தடவை படி. எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு நிமிஷம்கூடப் புரியாமல் இருக்கவில்லை.

ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த சொற்கள் சில பேருக்கு வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்றார் டாக்டர். சிலருக்குச் சாமி பெயர் மிஞ்சுமாம், சிலருக்குக் கெட்ட வார்த்தை. எனக்குக் கடைச் சொல் மிஞ்சியது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து “நாளைக்கு ரெடியாயிருமா அண்ணாச்சி?” என்று கேட்கிற எல்லோருக்கும் சொன்ன சொல். அப்போதும்கூட அது முழு உண்மையாக இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு முடிவெட்டுகிறவரைக் கூப்பிட்டு அனுப்பினாள் உன் அம்மா. அவர் என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, வாய் கோணுனதுல மீசை ஒரு பக்கமா ஏறி நிக்கி. எடுத்துரவா?” என்றார். சரி என்றேன். “முழுசாவா?” சரி. கல்யாணத்துக்கு முன்னால் வைத்த மீசை அது. நான் தலையை ஆட்டித் தடுத்தேன். “ஆடாதீய அண்ணாச்சி, வெட்டிரும்” என்று தலையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பிடித்துவிட்டு வந்த உன் அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

“அய்யய்யோ, யாரு எடுக்கச் சொன்னது?”

“அவியதாம்மா சரின்னாவ.”

“இவிய இப்ப எதுக்குத்தான் சரிங்கல? கழுத்தை அறுக்கவான்னு கேட்டிருந்தாலும் சரின்னுதான் இருப்பாவ!” என்றவள் என் பக்கம் திரும்பி, “அப்படித்தானங்க?” என்றாள்.

“சரி” என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அன்றைக்கு மதியம் சோறு போட்டபோது, “ரசம் ஊத்தவா?” என்று கேட்டாள். சரி. “ஊத்த வேண்டாமா?” சரி. “ரெண்டுக்கும் சரியாக்கும்?” என்று என்னையே பார்த்தாள். பிறகு ரசச் சட்டியை ஒரு கையிலும் மோர்ச் செம்பை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்து, “இதா, இதா?” என்றாள். இடது கையால் மோரைக் காட்டினேன். டாக்டர் சொல்லித்தரவில்லை, அவளாகக் கண்டுபிடித்தாள். அன்று முதல் அவள் என்னிடம் எதையும் ‘செய்யவா, வேண்டாமா’ என்று கேட்டதில்லை. இரண்டு பொருளைக் காட்டுவாள், நான் ஒன்றைத் தொடுவேன். நாளாக ஆக என் ‘சரி’யின் ராகத்தை வைத்தே கோபமா, பசியா, யாரையாவது கூப்பிடுகிறேனா என்று சொல்லிவிடுவாள்.

நீ விடுப்பில் வந்தாய். மாமாவும் வந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்பா, கடையைக் காலி பண்ணிருவோமா? எடம் சும்மா பூட்டிக் கெடக்கு” என்று கேட்டாய். என் வாய் சரி என்றது. “மெஷினெல்லாம் குடுத்துரலாமா?” சரி. “அத்தானே சொல்லிட்டாவல்லா, பொறவென்ன?” என்று மாமா எழுந்துவிட்டார். அடுப்படியில் இருந்து உன் அம்மா ஓடிவந்தாள். “ஏலே, அது பேச்சில்லடா. இவிய எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுதாவ.”

“நாம கேட்டதுக்குத்தானம்மா பதில் சொல்றாரு.”

“மீசைய எடுக்கவும்தான் சரின்னாவ!”

“அதான் எடுத்தது நல்லாத்தான இருக்கு” என்றார் உன் மாமா.

நான் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தேன். “டென்ஷன் ஆகாதீங்கப்பா, பிரஷர் ஏறிரும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். பாசமாகத்தான் பிடித்தாய். நான் பேசுவதற்கு அப்போது இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

கடை போயிற்று. சேவியர் வந்து வாசலில் நின்று, “அண்ணாச்சி, நெசமாவே நீங்கதான் சொன்னீயளா?” என்று கேட்டான். அவனுக்கும் அதே சொல்தான் கிடைத்தது. வாசலிலிருந்தே திரும்பிப் போனான். இப்போது மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். கடை என்னிடமே இருந்திருந்தாலும் வலது கை விளங்காமல் நான் காயில் கட்டியிருக்க முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். என் வழக்கு கடை போனதைப் பற்றியது இல்லை. என்னைக் கேட்டுச் செய்ததாக நீ இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பதைப் பற்றியது. “முடிவை நான்தான் எடுத்தேன்” என்று நீ சொல்லியிருந்தால் ஒரு நாள் கோபப்பட்டு விட்டிருப்பேன். உனக்கு வேண்டிய பதில் என் வாயில் தயாராக இருந்தது, எடுத்துக்கொண்டாய். போனில் மறுபடியும் அதையே செய்திருக்கிறாய்.

பிரஷர் மாத்திரையை நான் நிறுத்தியதால்தான் இதெல்லாம் வந்தது என்று நீ சொல்வாய். நிறுத்தினேன். தலைசுற்றல் நின்றது, மாத்திரையும் நின்றது. அந்தக் காலத்தில் நம் ஊரில் யாரும் வேறு மாதிரிச் செய்ததில்லை. அதற்காக உன்னிடம் தலைகுனிந்து நிற்க மாட்டேன். ஆனால் உனக்கு வந்தால் நீ நிறுத்தாதே. பிரஷர் சத்தம் போடாமல் குழாயைக் கெடுக்கிற வியாதி, தலை சுற்றாததால் அது இல்லை என்று ஆகிவிடாது. உனக்கும் இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள். உன்னோடு வேலை செய்கிறவன் எவனுக்காவது வாய் இழுத்தாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே. எப்போது ஆரம்பித்தது என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. கட்டியைக் கரைக்கும் மருந்து வெளிநாட்டில் வந்திருப்பதாகப் படித்தேன். அதுவும் ஆரம்ப மணி நேரங்களுக்குள் கொடுத்தால்தானாம். நான் விழுந்த நாளில் அப்படி ஒன்று இங்கே இல்லை. உனக்கு இருக்கலாம்.

இனி ஓசூர்ப் பேச்சுக்கு வருவோம். ஊர்ப் பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே, இந்த ஊர் எனக்கு அப்படி ஒன்றும் செய்துவிடவில்லை. செத்த செல் திரும்ப முளைக்காது. இப்போது நான் பேசுகிற பேச்சை மிஞ்சிய செல்கள்தான் பேசுகின்றன. அவற்றுக்கு இந்த வேலை தெரியாது, பழக்கினேன். வருஷக்கணக்கில் பழக்கினேன். யாரை வைத்து? காய்கறிக்காரி கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டி, நான் பெயரைச் சொல்லும்வரை தராசில் போடமாட்டாள். “சொல்லுங்க அண்ணாச்சி, எனக்கென்ன அவசரம்” என்று கூடையை இறக்கி வைத்துவிடுவாள். ராஜபாளையம் பஸ் கண்டக்டர் நான் ஊர் பெயரைச் சொல்லி முடிக்கட்டும் என்று அடுத்தவருக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். என் சொற்கள் இந்த முகங்களோடு ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அங்கே உன் வீட்டில் நான் எதையாவது சொல்லத் தொடங்குவேன். உன் பிள்ளை டி.வி.யைப் பார்ப்பான், நீ கடிகாரத்தைப் பார்ப்பாய். எனக்கு மறுபடியும் சரி மட்டும் மிஞ்சும். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. உங்களுக்கு நேரம் இல்லை, எனக்கு அது வேண்டும்.

உன் அம்மாவிடம் நீ தனியாகக் கேள், அவளுக்கு வாய் இருக்கிறது. நான் கேட்டபோது, “அங்க போனா உங்க மூஞ்சியப் படிக்க இன்னொருத்திக்கும்லா நான் பாடம் நடத்தணும், நமக்கு ஆகாது” என்றாள். அவள் வர விரும்பினால் ஒரு மாதம் கூட்டிக்கொண்டு போ. நான் சமாளித்துக்கொள்வேன்.

இதற்குப் பதில் சொல்ல நீ போன் போடாதே, நேரில் வா. வந்து என் முன்னால் உட்கார்ந்து, ‘வாரீங்களாப்பா?’ என்று கேட்காமல், ‘இங்கயா, அங்கயா?’ என்று கேள். வாய் எதைச் சொன்னாலும் கை எதைக் காட்டுகிறது என்று பார். கை காட்டுவது போனில் தெரியாது என்பதால்தான் நேரில் வரச் சொல்கிறேன். உன்னைப் பார்த்து நாளாயிற்று என்பது அதற்கு அடுத்த காரணம்.

இந்த வியாதி ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடியும் வரக்கூடும். எனக்கும் வரலாம். அப்போது திட்டு எங்கே விழும், எந்தச் சொல் தப்பிக்கும் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தத் தடவை ‘சரி’ மிஞ்சியது. அடுத்த தடவை ‘வேண்டாம்’ மிஞ்சலாம். உன் அம்மா அப்போது இருப்பாளோ இல்லையோ, நீ இருப்பாய். சோறு வேண்டுமா என்று கேட்பாய், வேண்டாம் என்பேன். பக்கத்தில் இருக்கவா என்று கேட்பாய், வேண்டாம் என்பேன். அப்பாவே சொல்லிவிட்டார் என்று எழுந்து போய்விடாதே. தட்டை எடுத்து என் கண்முன் காட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்.